கங்காருப் பையில் சாக்குருவி

கூச்ச சுபாவம் உள்ளவர்களைப் பற்றி உலகத்தில் ஒரு நல்லெண்ணம் பரவிக் கிடக்கிறது. அடக்கமானவர்கள், யோசித்துச் செய்வார்கள், வம்புக்குப் போக மாட்டார்கள் என்றெல்லாம் சொல்கிறார்கள். சுத்தப் பொய். வாயாடி ஒருத்தி முட்டாள்தனம் செய்வதற்கு முன்னால் நாலு பேரிடம் அதைச் சொல்லிவிடுவாள். அவர்களில் ஒருவராவது தடுத்துவிடுவார். கூச்சக்காரி யாரிடமும் சொல்ல மாட்டாள். நேரே போய்ச் செய்துவிட்டுத்தான் திரும்பி வருவாள். இதை நான் எந்தப் புத்தகத்திலும் படிக்கவில்லை. இடுப்பில் தழும்பு இருக்கிறது.

எழுபதுகளின் நடுவில் நான் தூத்துக்குடி திரேஸ்புரத்தில், எஸ்.எஸ்.எல்.சி. பாஸ் செய்துவிட்டு (முதல் தடவையிலேயே, அதைச் சொல்லாமல் விட மனசு வரவில்லை) வீட்டில் சும்மா இருந்தேன். அப்பா சங்கு குளிக்கப் போகிறவர். முத்துக் குளிப்பு நின்று பல வருஷம் ஆகியிருந்தது. ஆனாலும் வெளியூர்க்காரர்கள் எங்கள் ஊர்ப் பெயரைக் கேட்டதும் என் காதைத்தான் பார்ப்பார்கள். காதில் பித்தளை இருந்தது.

அந்த வருஷம் கன்னியாஸ்திரிகள் நடத்திய ஒரு பள்ளிக்கூடத்தில் பாலர் வகுப்புக்கு டீச்சர் தேவைப்பட்டது. பயிற்சி வேண்டாம், எஸ்.எஸ்.எல்.சி. போதும், பிள்ளைகளோடு கலகலப்பாகப் பேசத் தெரிந்தால் சரி என்றார்கள். எனக்குக் கலகலப்பாக என்ன, சாதாரணமாகவே பேச வராது. கடையில் போய் அரை கிலோ சீனி கேட்பதற்குள் பின்னால் வந்தவர்கள் எல்லாம் சாமான் வாங்கிப் போயிருப்பார்கள். ஆனாலும் டீச்சர் வேலை என்றதும் ஒரு கறுப்புக் குடையும் கைக்கடிகாரமுமாக நான் தெருவில் நடந்துபோவது கண்ணில் தெரிந்தது. பேச்சு அந்தக் குடையோடு சேர்ந்து வந்துவிடும் என்று நம்பினேன். அந்த வயதில் எனக்கு என்னைப் பற்றி அப்படியொரு அபிப்பிராயம்.

குடை ஒரு பக்கம். இன்னொரு பக்கம் அம்மா வைத்த கெடு.

"வேல கெடச்சா ரெண்டு வருஷம் பொறுக்கேன். கெடைக்கலன்னா மாதா கோயில் திருவிழா முடிஞ்ச மறுவாரம் ஓல வாசிச்சிர வேண்டியதுதான். சொல்லிட்டேன்."

ஓலை வாசிப்பது என்றால் இன்னாருக்கும் இன்னாருக்கும் கல்யாணம் என்று கோயிலில் பூசையின்போது அறிவிப்பது. அந்த இன்னார் என் அத்தை மகன் சூசை. உப்பு மூட்டை அடுக்கி வைக்கும் கிட்டங்கியில் வேலை. எட்டாம் வகுப்போடு நின்றவன். நல்லவன்தான் என்று எல்லோரும் சொன்னார்கள். நல்லவன்தான் என்று எல்லோரும் சொல்லும்படி இருப்பதே எனக்குப் பிடிக்கவில்லை. ஓயாமல் பேசுவான். அவன் சிரித்தால் கரையில் இழுத்துப் போட்டிருக்கும் வள்ளங்களின் மேல் உட்கார்ந்திருக்கிற காக்காய் எல்லாம் எழும்பிப் பறக்கும். எஸ்.எஸ்.எல்.சி. படித்த ஒருத்தி இந்தச் சத்தத்தோடு எப்படிக் குடும்பம் நடத்துவது? அதனால் அந்த வேலை எனக்கு வேண்டும். எப்படியும் வேண்டும்.

பள்ளித் தலைவியை எல்லோரும் மதர் என்போம். மதர் என்னைக் கூப்பிட்டு, "ரெஜினா, நீங்களும் நாசரேத்துப் பெண் ஒருத்தியும் கேட்டிருக்கிறீர்கள். வெள்ளிக்கிழமை இரண்டு பேரும் பிள்ளைகளுக்கு ஒரு பாடம் நடத்திக் காட்டுங்கள். நன்றாக நடத்துகிறவருக்கு வேலை" என்றார். பிறகு ஒரு பெரிய படப்புத்தகத்தை விரித்தார். பால் பவுடர், கோதுமை மூட்டைகளோடு ஆஸ்திரேலியாவிலிருந்து தானமாக வந்த புத்தகம். இடது பக்கத்தில் கங்காரு. வலது பக்கத்தில் ஆந்தை.

"இந்த இரண்டையும் ஒப்பிட்டுச் சொல்லுங்கள். பிள்ளைகள் கண்ணால் பார்த்த மாதிரி இருக்க வேண்டும்."

கங்காருவையும் ஆந்தையையும் யார் ஒப்பிடச் சொல்வார்கள்? அவை இரண்டும் அந்தப் புத்தகத்தில் அடுத்தடுத்த பக்கத்தில் இருந்தன என்பதைத் தவிர வேறு எந்தச் சம்பந்தமும் இல்லை. எங்கள் அம்மாவையும் துறைமுகத்துக் கிரேனையும் ஒப்பிடு என்றால்கூட நாலு வரி சொல்லியிருப்பேன். ஆனால் "ஏன் மதர்?" என்று கேட்க வாய் வேண்டுமே. தலையை ஆட்டிவிட்டு வந்தேன்.

புத்தகம் இங்கிலீஷில் இருந்தது. என் இங்கிலீஷுக்கு எட்டியவரை விஷயங்களைச் சேர்த்தேன். கங்காருக் குட்டி பிறக்கும்போது மொச்சைக்கொட்டை அளவுதான் இருக்கும்; பிறந்ததும் தானே ஊர்ந்து தாயின் வயிற்றுப் பைக்குள் போய்ப் பால் குடித்து வளரும். ஆந்தைக்குப் பை கிடையாது; முட்டையிடும்; குஞ்சுக்கு எலி பிடித்துவந்து கொடுக்கும்; இரவில் வேட்டையாடும். 'பகலில் ஆந்தைக்குக் கண் தெரியாது' என்பது புத்தகத்தில் இல்லை. ஊரில் எல்லோருக்கும் தெரிந்ததுதானே என்று நானே சேர்த்துக்கொண்டேன். ஒரு பெரிய கம்பெனிக்காரர்கள் அச்சடித்த புத்தகத்தைத் திருத்தும் அளவுக்கு வந்துவிட்டேன், பாருங்கள்.

பிறகு படம் வரைந்தேன். அப்பா கொஞ்ச நேரம் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"இது என்னளா, நாற்காலில உக்காந்த பெருச்சாளியா?"

"கங்காருப்பா."

"வயித்துல என்ன, கட்டியா?"

"குட்டி. அதுக்கு வயித்துல பை உண்டு. பைக்குள்ள குட்டி இருக்கும்."

"அப்ப நம்ம சங்குப் பை மாதிரின்னு சொல்லு" என்று சொல்லிவிட்டு அப்பா தூங்கப் போய்விட்டார்.

அவர் சும்மா சொன்னார். நான் அதை ஞானோதயமாக எடுத்துக்கொண்டேன். கடலுக்குள் முங்குகிறவர்கள் இடுப்பில் ஒரு வலைப்பை கட்டிக்கொள்வார்கள். அடியில் பொறுக்குகிற சங்கை அதில்தான் போடுவார்கள். தண்ணீர் வடிய வேண்டும் என்பதற்காகப் பெரிய கண் வைத்துப் பின்னியிருக்கும். இந்தப் பையை நான் இடுப்பில் கட்டி, மேலே முந்தானையைப் போட்டு மறைத்து, உள்ளே ஒரு துணிப் பொம்மையை வைத்து, சமயம் பார்த்து வெளியே எடுத்தால்? கண்ணால் பார்த்த மாதிரி இருக்கும் அல்லவா? திரேஸ்புரத்தைத் தவிர வேறு எந்த ஊர்க்காரிக்கும் இந்த யோசனை வந்திருக்காது. (வேறு எந்த ஊர்க்காரிக்கும் வராமல் போனதற்கு நியாயமான காரணம் இருந்தது என்று பிற்பாடு தெரிந்தது.)

கங்காரு முடிந்தது. ஆந்தைக்கு என்ன செய்வது என்று யோசித்துக்கொண்டிருந்தபோது சூசை வந்தான். கூப்பிடாமலே வருவது அவன் வழக்கம்.

"ஏளா, ஆந்த வேணுமாமே? மாமா சொன்னாவ. எங்க கிட்டங்கில ஒண்ணு கெடக்கு. பகல் முழுக்க உத்தரத்துல உக்காந்து தூங்குது, எங்க மேஸ்திரி மாதிரி. பிடிச்சாரட்டா?"

"உயிரோடயா?"

"செத்தத வச்சு என்ன நடத்துவ? அடக்கப் பூசையா?" என்று அவனே சொல்லி அவனே சிரித்தான். காக்காய்கள் எழும்பின.

அம்மா அடுப்படியிலிருந்து கரண்டியோடு வந்துவிட்டாள். எங்கள் பக்கம் அந்த ஆந்தைக்குச் சாக்குருவி என்று பெயர். வெள்ளை முகம். அது கத்தினால் அந்த வீட்டில் எழவு விழும் என்பார்கள். "சாக்குருவிய இந்த வாசப்படி ஏத்துனியள்னா ரெண்டு பேரையும் வெளிய தள்ளிக் கதவச் சாத்திருவேன்" என்றாள். சூசையோடு சேர்த்து வெளியே தள்ளப்படுவதைவிட வேறு என்ன கேடு வேண்டும்? வெள்ளிக்கிழமை காலையில் நேரே பள்ளிக்கூட வாசலுக்கே கொண்டுவருவதாக ஏற்பாடு.

சொன்னபடி ஒரு ஓலைப்பெட்டியோடு வந்து நின்றான். "தலைல துணியச் சுத்தி வச்சிருக்கேன். இருட்டா இருந்தா கம்முன்னு கெடக்கும். காலு மட்டும் சூதானம், நகத்தப் பாத்துக்க" என்றான். அவனிடம் நன்றிகூடச் சொல்லவில்லை. எட்டாம் வகுப்புக்காரன் எனக்கு ஆந்தையைப் பற்றிப் பாடம் எடுக்கிறானா என்ற எண்ணம்தான் வந்தது. நகம் என்ற வார்த்தை காதுக்குள் போகவே இல்லை.

வராந்தா பெஞ்சில் உட்கார்ந்தேன். வகுப்புக்குள் நாசரேத்துக்காரி கிரேஸ் நடத்திக்கொண்டிருந்தாள். பஞ்சு அடைத்துத் தைத்த கங்காரு, கலர் கலராக அட்டைப் படம், பாட்டு. பிள்ளைகள் கை தட்டினார்கள். அப்போது பெஞ்சில் என் பக்கத்தில் ஒரு பெரிய உடம்பு வந்து உட்கார்ந்தது. தோணிக்கார அண்ணாச்சி. கொழும்புக்குத் தோணி விடுகிறவர். பள்ளிக்கூடத்துக்குக் கூரை போட்டுக்கொடுத்தவர் என்பதால் டீச்சர் தேர்வுக்கு அவரையும் உட்கார வைப்பார்கள்.

"ஏ பிள்ள, பெட்டில என்ன? மீனா?"

இல்லை என்று சொன்னால் பிறகு என்ன என்று கேட்பார். ஆமாம் என்றால் ஒரு தலையாட்டலோடு முடியும். ஆட்டினேன்.

"சீலாவா? ஊளியா?"

அதோடு முடியவில்லை.

"நாளைக்கு என் புதுத் தோணி மொத மொத கொழும்புக்குப் போவுது. வெங்காயம் ஏத்தியாச்சு. காலைல கெளம்புனேன், ஒரு பூன குறுக்க போச்சு. திரும்பிப் போயி ஒரு மணி நேரம் உக்காந்துட்டுத்தான் வாரேன். நல்ல காரியத்துக்குச் சகுனம் முக்கியம், என்ன?"

என் காலடியில் பெட்டி 'உஸ்ஸ்ஸ்' என்றது.

"மீனு உயிரோட இருக்கு போலுக்கு" என்று அண்ணாச்சி சந்தோஷமாகக் குனிந்தார். நல்ல வேளையாக மதர் உள்ளேயிருந்து கூப்பிட்டார். "இரி, வந்து பாக்கேன்" என்று சொல்லிவிட்டு எழுந்து போனார்.

இப்போது சாதாரண மூளை உள்ள ஒருத்தி என்ன செய்வாள்? ஆந்தையைப் பெட்டியோடு கொண்டுபோய் வாசலில் நிற்கும் சூசையிடம் கொடுத்துவிட்டு, படத்தை வைத்துச் சமாளிப்பாள். ஆனால் கிரேஸிடம் பாட்டு இருக்கிறதே! என்னிடம் இருந்ததெல்லாம் ஆந்தை. கிணற்றடிக்கு ஓடினேன். இடுப்புப் பையிலிருந்த பொம்மையை எடுத்துப் பெட்டியில் போட்டேன். பெட்டியிலிருந்த சாக்குருவியைத் துணி சுற்றிய தலையோடு பைக்குள் இறக்கினேன். முந்தானையால் மூடினேன். அண்ணாச்சி எப்படியும் சீக்கிரம் கிளம்பிவிடுவார், அவர் போனதும் எடுத்துக் காட்டலாம் என்பது திட்டம். சாக்குருவி இருட்டில் கம்மென்று கிடந்தது. என் புத்திசாலித்தனத்தை நினைத்து எனக்கே புல்லரித்தது.

திரும்பி வந்தபோது அண்ணாச்சி நேரே பெட்டியைத் திறந்தார். "அட, பொம்மையா! மீனுன்னுல்லா தலைய ஆட்டுன" என்று சிரித்தார். நானும் சிரித்தேன். வாழ்க்கையில் நான் ஒரு பெரிய மனிதரை ஏமாற்றியது அந்த ஒரு நிமிஷம்தான்.

அண்ணாச்சி போகவில்லை. வகுப்பில் நாற்காலி போட்டு மதர் பக்கத்தில் வசதியாக உட்கார்ந்துகொண்டார். வகுப்பின் மூலையில், வைக்க இடமில்லாமல் அடுக்கிய கோதுமை மூட்டைகள். அதற்கு முன்னால் தரையில் குட்டிப் பிள்ளைகள். நான் படத்தை மாட்டி, குறிப்புகளைக் கரும்பலகையில் எழுதிவிட்டு, அதன் முன்னால் நின்று தொண்டையைச் செருமினேன்.

"பிள்ளைகளா, இது... கங்காரு. கங்காருவுக்கு வயிற்றில்..."

வயிற்றில் ஆணி இறங்கியது.

சாக்குருவி விழித்துக்கொண்டது. வலைக்கண் வழியாக இரண்டு காலையும் வெளியே விட்டு, பிடிமானத்துக்கு என் இடுப்பைப் பிடித்துக்கொண்டது. சங்குக்கு நகம் கிடையாது. இந்தச் சின்ன வித்தியாசத்தை நான் ஒப்பிட்டுப் பார்த்திருக்கவில்லை.

குதித்தேன். கத்த வெட்கமாக இருந்ததால் வாயை மூடிக்கொண்டு குதித்தேன். குதிக்கக் குதிக்க அது இன்னும் இறுக்கிப் பிடித்தது. இரண்டு கையாலும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு, கரும்பலகையிலிருந்து ஜன்னல் வரைக்கும், ஜன்னலிலிருந்து கதவு வரைக்கும் இரண்டு காலையும் சேர்த்துத் தாவினேன்.

பிள்ளைகள் எழுந்து நின்று கூவினார்கள். "கங்காரு! கங்காரு!" நாலைந்து பேர் என் பின்னால் தாவத் தொடங்கினார்கள். மதர் முகத்தில் அதுவரை யாரும் கண்டிராத ஒரு சிரிப்பு வந்தது. "அருமையான நடிப்பு" என்றார். அண்ணாச்சி தொடையில் தட்டினார். "பாத்தா ஊமை மாதிரி இருக்கா. என்னமா துள்ளுதா, பாருங்க மதர்! இவளையே போட்ருங்க."

அந்த நொடியில் வேலை என் கையில் இருந்தது. வலியில் கண்ணில் தண்ணீர் வழிந்தாலும் கறுப்புக் குடை அருகில் வந்து நிற்பது தெரிந்தது. அங்கேயே நிறுத்தியிருக்க வேண்டும். வயிற்றுவலி என்று ஓடியிருக்க வேண்டும்.

"போதும் போதும், உட்காருங்கள் பிள்ளைகளா. இப்போது ஆந்தை?" என்றார் மதர்.

நான் மூச்சு வாங்கிக்கொண்டு, ஒரே மூச்சில் ஒப்பித்தேன். "ஆந்தைக்குப் பை கிடையாது. முட்டையிடும். இரவில் வேட்டையாடும். பகலில் ஆந்தைக்குக் கண் தெரியாது..."

முன் வரிசையில் ஒரு சின்னப் பெண் விரலை நீட்டினாள். "டீச்சர், குட்டி எட்டிப் பாக்கு."

குனிந்து பார்த்தேன். தாவிய தாவலில் தலையில் சுற்றியிருந்த துணி அவிழ்ந்து, முந்தானை விலகி, பையின் வாயிலிருந்து ஒரு வெள்ளை முகம் நிதானமாக வகுப்பைப் பார்த்துக்கொண்டிருந்தது.

"கங்காரு குட்டி போட்டுட்டு!" என்று வகுப்பே கத்தியது.

"குட்டிக்கு மூக்கு வளஞ்சிருக்கு டீச்சர்!"

அண்ணாச்சி மட்டும் கத்தவில்லை. அவர் நாற்காலி மேல் ஏறி நின்றுவிட்டார். அவ்வளவு பெரிய உடம்பு அவ்வளவு வேகமாக ஏறும் என்று நான் நினைக்கவில்லை. "சாக்குருவி! ஏ மாதாவே, சாக்குருவி! நாளைக்கு என் தோணி..."

சாக்குருவி பையிலிருந்து புறப்பட்டது. சத்தமே இல்லாமல், அண்ணாச்சியின் தலைக்கு ஒரு முழம் மேலே பறந்து, நேரே கோதுமை மூட்டைகளின் மேல் விழுந்தது. ஒரு கீச்சுச் சத்தம். பிறகு கரும்பலகையின் உச்சியில், 'பகலில் கண் தெரியாது' என்று நான் ஆசையாக எழுதி வைத்திருந்த வரிக்கு நேர் மேலே வந்து உட்கார்ந்தது. காலில் ஒரு கொழுத்த எலி. பட்டப்பகல்.

மதர் எலியைப் பார்த்தார். பலகையில் எழுதியிருந்ததைப் படித்தார். என்னைப் பார்த்தார்.

"இதற்கா கண் தெரியாது?"

"எல்லாரும் அப்படித்தான் சொல்லுதாங்க, மதர்."

"இறக்குங்க! அத மொதல்ல வெளிய வெரட்டுங்க! அவளயும் சேத்து வெரட்டுங்க!" என்று அண்ணாச்சி நாற்காலியிலிருந்து கூவினார். சற்று முன் என்னையே போடச் சொன்னவர்.

மதர் அவர் பக்கம் திரும்பவே இல்லை. மூட்டைகளையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு மெதுவாகச் சொன்னார்: "இந்த எலிகளுக்காக இரண்டு பூனை வளர்த்தோம். இரண்டும் பால் பவுடரோடு நின்றுவிட்டன." என் பக்கம் திரும்பினார். "வேலையை கிரேஸுக்குக் கொடுக்கிறேன், அம்மா. நீங்கள் வருத்தப்படக் கூடாது. ஆனால் ஒரு உதவி. அந்தப் பறவையை இங்கேயே விட்டுவிட்டுப் போக முடியுமா?"

தலையை ஆட்டினேன். வேறு என்ன தெரியும் எனக்கு?

வாசலில் சூசை நின்றிருந்தான். சேலையில் இரத்தப் புள்ளிகளைப் பார்த்ததும் ஓடி வந்தான். பிறகு கேட்டான்.

"ஏளா, ஆந்த எங்க?"

"உள்ள இருக்கு. வேல கெடச்சிட்டு."

"உனக்கா?"

"ஆந்தைக்கு."

அவன் சிரிக்கவில்லை. பாவம், உதட்டைக் கடித்துக்கொண்டு, தோளில் கிடந்த துண்டை எடுத்து என்னிடம் கொடுத்து, "இடுப்புல கட்டிக்க, வா" என்றான். ஆஸ்பத்திரியில் ஊசி போடும் வரைக்கும் அடக்கி வைத்திருந்தான். ஊசி முடிந்து வெளியே வந்த பிறகுதான் வெடித்தான். ஆஸ்பத்திரி மரத்துக் காக்காய் அத்தனையும் எழும்பின. இந்தத் தடவை எனக்கும் சிரிப்பு வந்து தொலைத்தது.

அண்ணாச்சி மறுநாள் தோணியை விடவில்லை. நல்ல நாள் பார்த்து, இன்னொரு நல்ல நாள் பார்த்து, கடைசியில் பார்த்தால் வெங்காயம் எல்லாம் முளைவிட்டிருந்தது. அதற்கும் என்னைத்தான் திட்டினார் என்று கேள்வி. அப்பா பையில் அறுந்திருந்த வலைக்கண்களை உட்கார்ந்து முடிச்சுப் போட்டார். "கங்காருக்கு வலைல பை கெடையாது போலுக்கு" என்று மட்டும் சொன்னார். திருவிழா முடிந்த மறுவாரம் கோயிலில் ஓலை வாசித்தார்கள்.

கிரேஸ் டீச்சர் அங்கே நாலைந்து வருஷம் வேலை பார்த்துவிட்டுக் கல்யாணமாகிப் போய்விட்டாள். சாக்குருவி போகவில்லை. ஸ்டோர் ரூம் கூரைக்கடியில் ஜோடி சேர்ந்து, குஞ்சு பொரித்து, தலைமுறை தலைமுறையாக அங்கேயே இருக்கிறது. அந்தப் பள்ளிக்கூடத்தில் அதைச் சாக்குருவி என்று யாரும் சொல்வதில்லை. ஸ்டோர் சிஸ்டர் என்றுதான் பெயர்.

போன மாதம் என் மகள் டீச்சர் பயிற்சி முடித்துவிட்டு அதே பள்ளிக்கூடத்துக்கு வேலை கேட்டுக் கிளம்பினாள். அவள் அப்பாவைப் போல வாயாடி, அதனால் எனக்குப் பயமில்லை. ஆனாலும் வாசல் வரைக்கும் போய், "சிபாரிசுக்கு யாராவது இருந்தா நல்லாருக்கும்" என்று இழுத்தேன்.

அவள் அப்பா ஈஸிசேரில் இருந்தபடியே சொன்னார்: "நம்ம ஆளுதான் உள்ள இருக்காவளே. உங்க அம்மா வயித்துல சுமந்து கொண்டுபோயி சேத்துவிட்ட ஆளு. ஸ்டோர் ரூம் பக்கமா போயி, ரெஜினா மகள்னு சொல்லு, போதும். பகல்லயே போ. நல்லாக் கண்ணு தெரியும்."

மகள் சிரித்துக்கொண்டே படியிறங்கினாள். எதிர்வீட்டு ஓட்டிலிருந்து காக்காய்கள் எழும்பின. நான் இடுப்பைத் தடவிக்கொண்டு உள்ளே வந்தேன்.